காதால் பார்த்த மிஸ்ஸிக்கு

மிஸ்ஸி,

நேற்றுச் சாயங்காலம் எங்கள் சிலிபின் வீட்டில் கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் ஏதோ பழைய பேட்டரிகளைப் போட்டுக் கேசட் ரேடியோவை முடுக்கினார். பாடிய பெண்ணின் குரல் கொஞ்ச நேரத்திலேயே இழுபட்டு, ஆம்பளைக் குரலாகி, கடைசியில் மாடு கத்துகிற மாதிரி ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த ராஜம்மா கையை நிறுத்திவிட்டு, "மிஸ்ஸி," என்றாள். அவ்வளவுதான். குழாயைத் திறந்துவிட்டபடியே நின்றாள்.

நீங்கள் இறந்துபோனது அப்போது அவளுக்குத் தெரியாது. எனக்கே போன வாரம்தான் தெரியும். முட்டிவலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவன், வந்ததுதான் வந்தோம், உங்களையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நீங்கள் பிள்ளைகளுக்குக் கைகால் பயிற்சி கொடுத்த அந்தப் பழைய கட்டடத்துப் பக்கம் நடந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் உங்கள் பேரைச் சொல்லிக் கேட்டேன். "அவங்களா? போன வருசமே தவறிட்டாங்களே அண்ணே. வயித்துல கட்டி. ரொம்ப சூசாப்பட்டு, வலியில துடிச்சுத்தான் போனாங்க," என்றார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியனுப்ப ஓர் ஆள் கிடைக்கவில்லையா என்று. பஸ் ஏறிய பிறகுதான் புத்தி வந்தது. எனக்கு எதற்குச் சொல்லியனுப்ப வேண்டும்? உங்கள் வீட்டாருக்கு நான் யார்? என்னைப் போல எத்தனை தகப்பன்மார் உங்கள் அறைக்கு வந்து போயிருப்பார்கள்.

ஆனாலும் என்னை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டம். விஜயாவின் அப்பா. முதல் நாளே உங்களோடு சண்டை போட்ட ஆள்.

எழுபதுகளின் நடுவில் அது. விஜிக்கு ஏழு வயது. ஏழு வயதுப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். அவளுக்குத் தலை நிற்காது. கால்கள் விறைத்துப்போய் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் போட்டுக்கொள்ளும். பிறந்தபோது அழவில்லை, மூளைக்குக் காற்று போகவில்லை என்று எங்கள் தோட்டத்து டிரஸ்ஸர் சொல்லியிருந்தார். தோட்டத்தில் டாக்டர், மருந்து கலக்குபவர், ஊசி போடுபவர் எல்லாம் அந்த ஒருவர்தான். லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சாமிக் குத்தம், செய்வினை, கிரகணத்தன்று ராஜம்மா வெளியே வந்தாள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்த்தான் ஈப்போவுக்கு வந்தோம்.

நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளைக்குச் சாப்பாடு குடுங்க, பாக்குறேன்," என்றீர்கள். ராஜம்மா தரையில் உட்கார்ந்து, விஜியை மடியில் மல்லாக்கப் போட்டு, கொண்டுவந்திருந்த கஞ்சியைச் சங்கில் எடுத்துத் தொண்டைக்குள் ஊற்றினாள். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற அதே பித்தளைச் சங்கு. விஜி விக்கினாள், இருமினாள், கண்ணில் தண்ணீர் வந்தது, பிறகு எப்படியோ விழுங்கினாள். எங்களுக்கு அது தினமும் நடப்பது. நீங்கள் அவள் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தீர்கள்.

"வருசா வருசம் மழ காலத்துல நெஞ்சுச்சளி கட்டுதா?"

"ஆமாங்க மிஸ்ஸி."

"சாப்பாடு பாதி வயித்துக்குப் போகுது, பாதி நெஞ்சுக்குள்ள போகுது. அதான் சளி. இப்படியே ஊட்டினா ஒரு நாளைக்கு மூச்சு நின்னுரும்."

நான் கேட்கவந்தது வேறு. "எப்ப நடப்பா மிஸ்ஸி?" என்றேன்.

"நடக்க மாட்டா அண்ணே. அந்த ஆசைய விட்டுருங்க. மொதல்ல ஒரு வாய் சோறு ஒழுங்கா உள்ள போகட்டும்."

வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அந்த நிமிஷம் உங்களை எனக்குப் பிடிக்கவே இல்லை. பிள்ளையைப் பெற்றவனிடம் இப்படியா பேசுவது? அதற்குமேல் வாராவாரம் வரச் சொன்னீர்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"வாராவாரமா? காலப் பெரட்டுல பேரு கூப்புடும்போது ஆள் இல்லன்னா அன்னிக்கு வேல கெடையாது. வேல இல்லன்னா லயத்து வீடு கெடையாது. தோட்டத்துலேர்ந்து இங்க வந்து திரும்பவே ஒரு நாள் போயிருதுலா. உங்களுக்கென்ன, காத்தாடிக்கு அடியில உக்காந்துக்கிட்டு வா வான்னு சொல்லிருவீங்க."

ராஜம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நீங்கள் திருப்பிக் கத்துவீர்கள் என்று பார்த்தேன். நீங்களோ, "உங்க லயத்துல யாருகிட்டயாச்சும் கேசட் ரேடியோ இருக்கா?" என்று கேட்டீர்கள்.

இருந்தது. ராஜம்மாவின் தம்பி, லோரி ஓட்டுகிற என் மச்சான், பாட்டுக் கேட்பதற்கென்று ஒன்று வைத்திருந்தான், குரல் பிடிக்கிற வசதியோடு. நீங்கள் பேசிப் பதிவு செய்த கேசட்டை, ஈப்போவுக்கு மருந்து எடுக்க வருகிற டிரஸ்ஸர் வாங்கி வருவார். நாங்கள் மறுபக்கத்தில் பேசி அவரிடமே கொடுத்தனுப்புவோம். இதுதான் ஏற்பாடு.

முதல் கேசட் வந்த அன்று லயமே எங்கள் வீட்டு வாசலில் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் குளித்துவிட்டு வந்தோம், சிரிக்காதீர்கள். ராஜம்மா விளக்கேற்றிவிட்டாள். உங்கள் குரல் வந்தது. "விஜி, கண்ணு, மிஸ்ஸி பேசுறேன். இப்ப உன் கால மெதுவா மடக்கப் போறோம், சரியா?" விஜி ரேடியோ இருந்த பக்கம் தலையைத் திருப்பினாள். நீங்கள் பேசி முடிக்கும்வரை நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். பெரியவர்கள் ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று வளர்ந்த சனம் நாங்கள். நீங்கள் விஜியிடம் அல்லவா பேசினீர்கள்? நடுவில் நாங்கள் கை வைக்கலாமா? அந்தக் குரலே ஒரு மருந்து, காதில் விழ விழக் கால் இளகும் என்று ராஜம்மா நம்பினாள். பதில் பேசச் சொன்ன இடத்தில் நான் ரேடியோ முன்னால் விறைப்பாக நின்று, துரை வந்து கேட்டால் சொல்வதுபோலவே சொன்னேன்: "இங்கு யாவரும் நலம். பிள்ளைக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது."

அடுத்த கேசட்டில் நீங்கள் வாங்கு வாங்கென்று வாங்கினீர்கள். அதைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் அந்த ஒரு கேசட்டை மட்டும் நாங்களே வைத்துக்கொண்டோம்.

"அண்ணே, எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னா எனக்கு என்னா தெரியும்? நான் உங்க தொர இல்ல. என்கிட்ட பொய் சொன்னீங்கன்னா நான் கண்ணக் கட்டிக்கிட்டு வைத்தியம் பாக்கணும். பிள்ள விக்கினா விக்கினான்னு சொல்லுங்க. நீங்க எரிச்சல்ல அடிச்சிருந்தா அடிச்சேன்னு சொல்லுங்க. நானும் உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். இது ரெண்டு பக்கமும்தான். இப்ப உங்க கையக் கழுவிட்டு வந்து அவ கால் மாட்டுல உக்காருங்க."

அன்றிலிருந்துதான் வேலை நடந்தது. நீங்கள் ஈப்போவில் இருந்துகொண்டு என் கையைப் பிடித்து வேலை வாங்கினீர்கள். சாமான் பெட்டிப் பலகையில் அவள் சாய்ந்து நிமிர்ந்து உட்கார, சுவர் மூலை மாதிரி ஒரு மூலை நாற்காலி அடித்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொள்ள சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினேன். "தாடை நெஞ்சப் பாக்கணும். கஞ்சி தண்ணியா வேணாம், மரவள்ளிய மசிச்சுக் கெட்டியாக் குடுங்க. கரண்டிய நாக்கு மேல வச்சு அழுத்தி, அவளே வாய மூடுற வரைக்கும் பொறுங்க. தொண்ட ஏறி எறங்குச்சான்னு பாத்துட்டுத்தான் அடுத்த வாய்." இன்றைக்கும் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

பேட்டரி இறங்கிவிட்டால்தான் கூத்து. உங்கள் குரல் இழுத்து இழுத்து யாரோ கிழவன் குரல் மாதிரி வரும். விஜி அதைக் கேட்டுக் கெக்கெக்கே என்று சிரிப்பாள், உடம்பே குலுங்கும். "மிஸ்ஸி தண்ணி போட்டுட்டாங்க," என்பான் என் மச்சான். ஆனால் அந்தக் குரலோடு சேர்ந்து எண்ணிக் காலை மடக்கும்போது என் கையும் மெதுவாகப் போனது, அவள் காலும் இன்னும் கொஞ்சம் இளகியது. அதையும் சொல்லியனுப்பினேன். "அப்ப இனிமே நானே மெதுவாப் பேசுறேன், பேட்டரிய மாத்துங்க," என்று பதில் வந்தது.

நான் வாய் பிளந்தது இன்னொன்றுக்குத்தான். சாப்பாடு ஊட்டும்போது ரெக்கார்டரை அவள் தொண்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யச் சொன்னீர்கள். "இங்கேருந்து எனக்குக் கண்ணு இல்ல, காதாலதான் பாக்கணும்." பதிவு செய்து அனுப்பினோம். வந்ததே பதில்! "மொத ரெண்டு வாய் சுத்தமாப் போயிருக்கு. அப்பறம் மூச்சுல ஒரு கரகரப்பு கேக்குது. அவசரப்பட்டு ஊட்டினது யாரு? அண்ணே, நீங்கதானே? பின்னால பெரட்டு மணி அடிக்குது பாருங்க." எனக்கு மயிர்க்கால் சிலிர்த்துவிட்டது. அவ்வளவு தூரத்தில் இருக்கிற பொம்பளை என் பிள்ளையின் தொண்டைக்குள் எட்டிப் பார்க்கிறாள். உங்களிடம் மறைக்க முடியாது என்று லயத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. புருசன் பெண்டாட்டிச் சண்டையில்கூட, "இரு, மிஸ்ஸிக்கு டேப்புல பேசி அனுப்புறேன்," என்று மிரட்டுவார்கள்.

ராஜம்மாவோடுதான் உங்களுக்கு ஒத்துவரவில்லை. அந்தச் சங்கு விஷயத்தில். "ராஜம்மா, அந்தச் சங்கத் தூக்கி எறிஞ்சிருங்க," என்று ஒரு கேசட்டில் சொன்னீர்கள். அவள் பட்டென்று ரேடியோவை நிறுத்தினாள். மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டு, என்னைத் தள்ளிவிட்டு, அவளே பேசினாள். அதுவரை அந்த ரேடியோ முன்னால் ஒரு வார்த்தை பேசாதவள்.

"பொறந்தப்ப உறிஞ்சத் தெரியாத பிள்ள. டிரஸ்ஸரே கைய விரிச்சிட்டாரு. சொட்டுச் சொட்டா இந்தச் சங்குலதான் நான் அவளுக்கு உசுர ஊத்துனேன். ஈப்போவுல உக்காந்துக்கிட்டு எறிங்கிறீங்களே, நீங்க யாரு எறியச் சொல்றதுக்கு? பெத்துப் பாத்தாத் தெரியும்!"

அதைக் கேட்டால் நீங்கள் கேசட் அனுப்புவதையே நிறுத்திவிடுவீர்கள் என்று நான் பயந்தேன். உங்களுக்குப் பிள்ளை இல்லை என்று டிரஸ்ஸர் சொல்லியிருந்தார், அதனால் இன்னும் சங்கடமாக இருந்தது. உங்கள் பதில் வர வழக்கத்தைவிட நாளானது. "ராஜம்மா, நீங்க திட்டினதத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நீங்க சொல்றது நியாயந்தான். எறிய வேணாம். மேல எடுத்து வைங்க. ஆனா அதுல ஊட்டாதீங்க." ராஜம்மா சங்கைத் தேய்த்துக் கழுவிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு கரண்டிதான். விஜி நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அடுத்த மழைக் காலத்தில் சளி வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. கன்னம் கொஞ்சம் உப்பியது. என்னைக் கண்டால் "ப்பா" என்று ஒரு சத்தம். அதை ரெக்கார்டு பண்ணி அனுப்பியபோது நீங்கள் அழுதீர்கள் என்று டிரஸ்ஸர் வந்து சொன்னார். நான் நம்பவில்லை.

கரண்டியில் ஒரே ஒரு கஷ்டம், நேரம். சங்கில் ஊற்றினால் ஒரு நிமிஷ வேலை. கரண்டியில் ஒரு வேளைச் சோறு ஊட்டி முடிக்க வானம் வெளுத்துவிடும். நாங்களோ வானம் வெளுக்குமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டியவர்கள். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாவிடம் கேட்டேன். "இத்தன பிள்ளைங்கள வச்சுக்கிட்டு ஒன்னுக்கு மட்டும் நான் கரண்டி பிடிச்சுக்கிட்டு உக்கார முடியுமாலா? வேணும்னா சங்குல ஊத்துறேன்," என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். விடியுமுன் ராஜம்மா ஊட்டுவாள், வேலை முடிந்து மத்தியானம் நான் ஊட்டுவேன். நடுவில் பிள்ளை பசியோடு கிடக்கும். உங்களிடம் அதையும் மறைக்காமல்தான் சொன்னோம். "வேற வழி இல்ல அண்ணே, பசி தாங்குவா, நெஞ்சுக்குள்ள போனாத் தாங்க மாட்டா," என்றீர்கள்.

இப்படியே நாலு வருடத்துக்குமேல் ஓடியது. அந்த வருடக் கடைசியில் விடாத மழை. மழை பெய்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது, வேலை கிடையாது. நாள் கணக்கில் சும்மா கிடந்தோம். ஒரு காலையில் மழை விட்டது. அன்றைக்குப் பெரட்டுக்கு வராதவன் இனிமேல் வரவே வேண்டாம் என்று மண்டோர், எங்கள் கங்காணி, முதல் நாளே லயம் லயமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். நான் முன்னால் ஓடினேன், இரண்டு பேருக்கும் பால் வெட்டுகிற மர வரிசையில் நிறை பிடித்து வைக்க. ராஜம்மா பிள்ளைக்கு ஊட்டிவிட்டு வரவேண்டும். மணி அடித்தது. அவளைக் காணோம். மண்டோர் பேர் வாசிக்க ஆரம்பித்தான். அவள் பேர் வருகிற நேரத்தில் சேலையை இழுத்துச் செருகியபடி ஓடிவந்து நின்றாள். எனக்குப் போன உயிர் வந்தது. எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது சங்கு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

மறுநாள் விஜிக்குக் காய்ச்சல். அதற்கு மறுநாள் நெஞ்சுக்கூடு உள்வாங்கி மூச்சு இழுத்தது. டிரஸ்ஸர் ஆம்புலன்ஸுக்கு ஆள் அனுப்பினார். பிள்ளையோடு ஒரு ஆள்தான் ஏறலாம் என்றார்கள். ராஜம்மாவுக்குக் கால் நகரவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஏறினேன். ஈப்போவில் நீங்கள் வார்டுக்கு ஓடிவந்தீர்கள். அத்தனை வருடத்தில் நாம் நேருக்கு நேர் பார்த்தது கொஞ்சம்தான். விஜி உங்கள் குரலைக் கேட்டுத் தலையைத் திருப்பப் பார்த்தாள், முடியவில்லை. அன்று சாயங்காலமே போய்விட்டாள்.

வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். பூசி மெழுகவில்லை. "கஞ்சி நெஞ்சுக்குள்ள போயிருக்கு அண்ணே. சளியோட வெளிய எடுத்தாங்க, நானே பாத்தேன். நெறையப் போயிருக்கு. படுக்கப் போட்டு ஊட்டுனாத்தான் அப்படிப் போகும். யாரு ஊட்டுனா?"

நான் பதில் சொல்லவில்லை. உங்கள் காதுக்கு அதுவே போதுமாக இருந்தது. நீங்களும் அதற்குமேல் கேட்கவில்லை.

தோட்டத்து மயானத்தில் புதைத்தோம். மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்து ராஜம்மா பேச்சை நிறுத்தினாள். சாப்பாடும் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தாலாவது அவளுக்குக் கொஞ்சம் இறங்கியிருக்குமோ என்னவோ. எனக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. மணி அடித்தவன்மேலா, மண்டோர்மேலா, அந்த மழைமேலா? அவள்மேல் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஒருநாள் விறகு எடுக்கப் போனபோது, புல்லுக்கு அடிக்கிற மருந்து அடுப்படியில் சாக்குக்கு அடியில் இருந்ததைக் கண்டேன். எங்கள் தோட்டத்தில் அதைக் குடித்துப் போனவர்களை நான் தூக்கியிருக்கிறேன். எடுத்துக்கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தேன். ஆனால் தோட்டத்து ஸ்டோர் முழுக்க அந்த மருந்துதானே இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவதாக டிரஸ்ஸர் வந்து சொன்னார். பஸ் நிற்கிற முச்சந்திக்கு வந்து உங்களை அழைத்துப் போனேன். கித்தாக் காட்டு வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே நடக்கும்போது மருந்து விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் நின்றுவிட்டீர்கள். குடையை மடக்கினீர்கள், விரித்தீர்கள், மறுபடி மடக்கினீர்கள். "அவங்க என்னா கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னீர்கள்.

லயத்தில் எங்களைத் தவிர உங்கள் முகம் யாருக்கும் தெரியாது. ஒல்லியாக ஒரு பொம்பளை, கையில் குடை, யாரோ வெல்ஃபேர் ஆபீஸ் ஆள் என்று நினைத்திருப்பார்கள். வாசலில் நின்று, "ராஜம்மா, உள்ள வரலாமா?" என்றீர்கள். அவ்வளவுதான், உட்கார்ந்திருந்த பொம்பளைகள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். "ஐயோ, டேப்பு மிஸ்ஸி," என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாலு வருடமாக நீங்கள் அந்த வாசலில் பேசிக்கொண்டிருந்தீர்கள் அல்லவா.

ராஜம்மா எழுந்திருக்கவில்லை. மூலை நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அத்தனை நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"இன்னிக்கு டேப்பு இல்ல மிஸ்ஸி. நேராவே கேக்குறேன். அன்னிக்குக் காலைல பெரட்டுக்கு நேரமாச்சு. சங்க எடுத்தேன். மடியில போட்டு ஊத்தினேன். அதாலதானே போச்சு எம்பிள்ள?"

வீடு நிறைய ஆள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களை எனக்குத் தெரியும். நடக்க மாட்டாள் என்று முகத்துக்கு நேரே சொன்னவர், வராந்தாவில் பூசி மெழுகாதவர். சொல்லிவிடப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டீர்கள். கேசட்டில் பேசுகிற அதே குரல். அவசரம் இல்லை, நடுக்கம் இல்லை.

"இல்ல ராஜம்மா. அந்த வாரம் அதே காய்ச்சலோட வார்டுல எத்தனையோ பிள்ளைங்க. நல்லா ஓடி ஆடுற பிள்ளைங்க. மழைல பரவுன காய்ச்சல் அது. டாக்டர் நெஞ்சப் பாத்தாரு, நானும் பக்கத்துல இருந்தேன். சாப்பாடு ஒரு துளி உள்ள இல்ல. இருந்தா உங்ககிட்ட மறைப்பேனா? நான் என்னிக்காச்சும் உங்களுக்கு இனிக்க இனிக்கப் பேசியிருக்கேனா?"

"அப்ப சங்கால இல்ல?"

"சங்கால இல்ல."

ராஜம்மா உங்கள் மடியில் விழுந்து கத்தினாள். அப்படி ஒரு அழுகையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. சாயங்காலம் தானாக எழுந்து கஞ்சி கேட்டுக் குடித்தாள்.

முச்சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. "எறியுங்கன்னு சொன்னவளும் நான், அப்பறம் வச்சுக்கங்கன்னு சொன்னவளும் நான். அப்பவே பிடிவாதமா எறிய வச்சிருக்கணும்," என்றீர்கள். உங்கள் குரல் அப்போதுதான் உடைந்தது. அன்று நான் ஆறுதல் சொல்லாவிட்டாலும் நீங்கள் இருந்திருந்தால் இன்றைக்குச் சொல்லியிருப்பேன், உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை மிஸ்ஸி. அந்தச் சங்கை வைத்துக்கொள்ளச் சொன்னதால்தான் ராஜம்மா உங்கள் பேச்சைக் கேட்டாள். விஜி நாற்காலியில் உட்கார்ந்து சோறு சாப்பிட்ட நாலு வருடம் அதனால் வந்ததுதான்.

பஸ் வந்தபோது ஒன்று சொன்னீர்கள். "அவங்க மறுபடியும் கேப்பாங்க அண்ணே. மழ வரும்போதெல்லாம் கேப்பாங்க. நீங்க நான் சொன்னதையே சொல்லணும். டேப்ப எத்தன தடவ போட்டாலும் ஒரு சொல்லு மாறாதுல்ல, அப்படிச் சொல்லணும்."

அப்படித்தான் சொல்லிவருகிறேன். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், லயத்தை இடித்தார்கள், நாங்கள் ஈப்போ ஓரத்துச் சிலிபினுக்கு வந்து சேர்ந்தோம், நான் பட்டறை வேலைக்குப் போனேன். ஒவ்வொரு மழைக் காலத்திலும் அவள் கேட்பாள். "அது காய்ச்சல்தானே?" "காய்ச்சல்தான். வார்டுல எத்தனையோ பிள்ளைங்க." ஒரு சொல் மாறியதில்லை. எனக்கும் ஒருத்தரிடம் வாய்விட்டுப் பேசவேண்டும் போல இருக்கும், அப்போது உங்களை நினைத்துக்கொள்வேன். ஈப்போவில் இன்னொரு ஆளுக்கும் இது தெரியும், அந்த ஆளும் இதைச் சுமக்கிறார் என்று ஒரு தைரியம் இருந்தது. இனி அது இல்லை. இந்த உலகத்தில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது மிஸ்ஸி.

இன்று காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது அவளிடம் உங்கள் சாவைச் சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து அவள் உங்களையே நினைத்துக்கொண்டிருந்தாள், மறைக்க முடியவில்லை. வெகுநேரம் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு வேற யாரு வந்து சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். செத்திருப்பேன். அவங்க சொன்னதாலதான் நம்புனேன்," என்றாள். "அவங்க வாயில பொய்யே வராது, இல்லையா?"

நான் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா," என்றேன். "வராது."